பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவரின் ரத்தக்கொதிப்பும் குடல் நுண்ணுயிர்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 54 வயது ஆண். பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் 16 விசைத்தறிகளைக் கூலி நெசவுக்கு ஓட்டி வருபவர். அவருடைய ஒப்புதலோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். ரத்தக்கொதிப்பு இருப்பது அவருக்கு 7 ஆண்டுகளாகத் தெரியும். டெல்மிசார்டன் 40 மில்லிகிராம், ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் என இரண்டு மாத்திரைகள் எழுதித் தரப்பட்டிருந்தன. "தலை கனமா இருந்தாப் போட்டுக்குவேனுங்க" என்ற கணக்கில்தான் அவை உள்ளே போய்க்கொண்டிருந்தன. கடந்த ஆண்டு ஆடி மாதம் அவர் என் கிளினிக்குக் குடும்பத்தோடு வந்தபோது பழைய மருந்துச் சீட்டு எதையும் கொண்டுவரவில்லை. வழவழப்பான தாளில் வண்ணத்தில் அச்சிட்ட 34 பக்க அறிக்கை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

தபாலில் வந்த குப்பியில் மலத்தைச் சேகரித்து அனுப்பி, ஒரு மாதம் காத்திருந்து பெற்ற குடல் நுண்ணுயிர் அறிக்கை அது. கோவையில் உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் மகள் அதன் ஆறாம் பக்கத்தைப் பிரித்து, சிவப்பு வட்டத்துக்குள் இருந்த ஒரு வரியைக் காட்டினார். "பியூட்டிரேட் உற்பத்தித் திறன் குறைவு" என்றிருந்தது. பியூட்டிரேட் என்பது குடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஓர் அமிலம். "சார், அப்பாவுக்கு பி.பி. ஏறுறதுக்கு இதுதான் காரணமா?" என்பது அவர் கேள்வி. நோயாளியின் மனைவிக்கு வேறு கணக்கு இருந்தது: "மாத்தரை வாங்குனு சொன்னா நாளைக்குப் பாக்கலாம்பாருங்க டாக்டருங்க, இதுக்கு எட்டாயிரம் குடுத்திருக்காருங்க."

மகளின் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் சேர்மங்கள் ரத்தநாளங்களின் தளர்ச்சியையும் சுருக்கத்தையும் மாற்றுகின்றன என்பதற்குக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வலுவான சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. ஆனால் இந்த மனிதருடைய தமனிகளில் அன்று நான் கண்டவற்றில் எவ்வளவு பங்கு அந்தச் சேர்மங்களைச் சேரும், எந்தப் பங்கு சேராது என்று பிரித்துப் பார்ப்பதற்கு அடுத்த ஓராண்டு பிடித்தது. முழுதும் பிரிந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன்.

பரிசோதனையில் கண்டவை

ஐந்து நிமிடம் உட்காரவைத்து எடுத்த அளவு வலக்கையில் 168/92, இடக்கையில் 164/92 மில்லிமீட்டர் பாதரசம். மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடையே 76 வித்தியாசம். 54 வயதில் இவ்வளவு அகன்ற இடைவெளி இருந்தால் பெருந்தமனி விறைக்கத் தொடங்கிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து 24 மணி நேர அழுத்தக் கருவியைக் கட்டி அனுப்பியதில் சராசரி 151/86 வந்தது. பகலில் 154/88, இரவில் 146/81. உறக்கத்தில் அழுத்தம் பத்து விழுக்காடாவது இறங்க வேண்டும். இவருக்கு ஐந்து விழுக்காடுதான் இறங்கியது. தறிக்குடோனை ஒட்டிய அறையில், இரண்டு ஷிப்ட் ஓடும் சத்தத்துக்கு நடுவே அவர் உறங்குவதால், தூக்கத்தின் தரத்தையே முதலில் சந்தேகித்தேன். வீட்டிலேயே செய்த மூச்சுத்தடைப் பரிசோதனை குறிப்பிடத்தக்க எதையும் காட்டவில்லை.

கண் பரிசோதனைதான் என்னை நிறுத்தி வைத்தது. விழித்திரையின் நுண்தமனிகள் ஒடுங்கி, தாமிரக் கம்பி போல மின்னின. தமனி சிரையைக் கடக்கும் இரண்டு இடங்களில் சிரை நசுங்கி, இருபுறமும் கூம்பி, நடுவில் அறுந்தது போலத் தெரிந்தது. இது ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ வந்த மாற்றம் அன்று. சிறுநீரகத்திலிருந்து புரதம் ஒழுகுகிறதா என்று காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் கிராமுக்கு 68 மில்லிகிராம் (30-க்குள் இருக்க வேண்டும்). கிரியேட்டினின் 1.1, பொட்டாசியம் 4.1. எக்கோவில் இடது கீழறைச் சுவர் சற்றே தடித்திருந்தது. கோவையில் எடுத்த நாடி அலை வேகம் (இதயத் துடிப்பின் அலை தமனி வழியே ஓடும் வேகம்), கழுத்துத் தமனிக்கும் தொடைத் தமனிக்கும் இடையே, விநாடிக்கு 11.4 மீட்டர், 10 மீட்டரைத் தாண்டினால் பெருந்தமனி விறைப்பு என்று கொள்வது வழக்கம். சிறுநீரகத் தமனி அடைப்பு, அட்ரினல் சுரப்பிக் கோளாறு, தைராய்டு ஆகியவற்றைத் தேடியதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

உணவைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னதை விட அவர் மனைவி சொன்னது பயன்பட்டது. "உப்பு எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்" என்று யாரிடம் கேட்டாலும் "அளவாத்தானுங்க" என்றே பதில் வரும். ஆகவே நான் எப்போதும் மாதத்துக்கு எத்தனை பாக்கெட் வாங்குகிறார்கள் என்று கேட்பேன். நான்கு பேருள்ள வீட்டில் மாதம் ஒன்றரைக் கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 12.5 கிராம்; வடித்த கஞ்சியிலும் மீன் கழுவியதிலும் போனதைக் கழித்துக்கொள்ளலாம். 24 மணி நேரச் சிறுநீரில் சோடியம் 188 மில்லிமோல் இருந்தது. அது ஏறக்குறைய 11 கிராம் உப்புக்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்குக் குறைவு. மளிகைக் கணக்கும் சிறுநீர்க் கணக்கும் இவ்வளவு நெருங்கி வந்தது எனக்கே ஆச்சரியந்தான்.

பகலில் வெள்ளை அரிசிச் சோறு, இரவில் தறி நிற்கும்வரை காத்திருந்து கடைப் பரோட்டாவும் சால்னாவும், நாளுக்கு எட்டு டீ, வாரம் இரண்டு முறை கருவாடு, நாள்தோறும் இரண்டு முட்டை. கம்பஞ்சோறும் ராகிக் களியும் அவர் தாயார் காலத்தோடு நின்றுவிட்டன. நார்ச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 14 கிராம் தேறியது. 25 கிராமாவது வேண்டும். இடுப்பு வலிக்கு வாரத்தில் நான்கைந்து நாள் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த மாத்திரை சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கி, டெல்மிசார்டன் போன்ற மருந்துகளின் வேலையையும் மழுக்கும்.

தமனிச் சுவரில் நடப்பது

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இரண்டு வகை மாற்றங்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தமனியின் முறுக்கம், அதாவது அதன் சுவர்த்தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது. மற்றொன்று, அதன் கட்டமைப்பு.

தமனியின் உட்புறம் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலியச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகின்றன. அது சுவரிலுள்ள மென்தசையைத் தளர்த்துகிறது. அந்த உள்படலம் இல்லாவிட்டால் தமனி தளராது என்று ராபர்ட் ஃபர்ச்காட் 1980-இல் காட்டினார். தளர்த்தும் அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெளிவாகி, 1998-இல் அவருக்கும் லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ரத்தக்கொதிப்பில் வினைவேகம் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, நைட்ரிக் ஆக்சைடு தசையைச் சேரும் முன்பே அதைத் தின்றுவிடுகின்றன. இது முறுக்கம் சார்ந்த கோளாறு. நாட்களிலும் வாரங்களிலும் மாறக்கூடியது.

முறுக்கிய நிலையிலேயே தமனி நெடுங்காலம் இருந்தால் கட்டமைப்பு மாறுகிறது. சிறு தமனிகளில் தசை தடித்து உள்விட்டம் குறுகுகிறது. குழாயின் ஆரம் பத்து விழுக்காடு குறைந்தால் ரத்த ஓட்டத்துக்கான தடை பத்து விழுக்காடு கூடுவதில்லை. ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால் 50 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடுகிறது. பெருந்தமனியிலோ நீண்டு சுருங்கும் எலாஸ்டின் நார்கள் நைந்து, அவ்விடத்தை விறைப்பான கொலாஜன் நிரப்புகிறது. இந்த நோயாளியின் விழித்திரையில் கண்டது முதல் வகைக் கட்டமைப்பு மாற்றம். நாடி அலை வேகத்தில் கண்டதில் இரண்டாவது வகையும் அன்றைய அழுத்தத்தின் விளைவும் கலந்திருக்கின்றன.

குடல் சேர்மங்களைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் கலந்துவிடுவதே வழக்கமாக நேரும் பிழை.

குடலிலிருந்து தமனிக்கு

நம் செரிமான நீர்களால் உடைக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலை அடைந்ததும், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் ஆகிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பியூட்டிரேட்டில் பெரும்பகுதியைப் பெருங்குடல் செல்களே எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. கல்லீரலுக்குப் போகும் புரோபியோனேட்டில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. உடலெங்கும் சுற்றுவதில் மிகுதி அசிட்டேட்.

அசிட்டேட் ரத்தநாளத்தைத் தளர்த்தும் என்பது புதுச் செய்தி அன்று. டயாலிசிஸ் திரவத்தில் பைகார்பனேட்டுக்குப் பதிலாக அசிட்டேட்டைக் கலந்த காலத்தில், சிகிச்சையின் நடுவே நோயாளியின் அழுத்தம் சரிவது அடிக்கடி நடந்தது. அசிட்டேட் நாளங்களை விரிப்பது அதற்கு ஒரு காரணம். அங்கே உள்ளே போன அளவு குடல் தரும் அளவைவிடப் பலமடங்கு அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனிதப் பெருங்குடலிலிருந்து பிரித்தெடுத்த சிறு தமனிகள் இந்த அமிலங்களால் விரிவதை 1990-இலேயே காட்டிவிட்டார்கள்.

இந்த அமிலங்கள் எந்த வாசலில் நுழைந்து வேலை செய்கின்றன என்பது 2013-இல் ஜெனிஃபர் புளூஸ்னிக்கின் குழு வெளியிட்ட ஆய்வில் தெளிவாகத் தொடங்கியது. மூக்கில் மணம் அறிவதற்குரிய ஏற்பிகளின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று, ஓல்ஃபர் 78 என்பது, எலியின் சிறுநீரகத்தில், அழுத்தத்தை ஏற்றும் ரெனின் என்ற பொருள் சுரக்கும் இடத்திலும் சிறு நாளங்களின் மென்தசையிலும் இருந்தது. புரோபியோனேட் அதைத் தூண்டினால் ரெனின் வெளிப்பட்டு அழுத்தம் ஏறுகிறது. அதே புரோபியோனேட், ஜி.பி.ஆர். 41 என்ற இன்னொரு ஏற்பியைத் தூண்டும்போது அழுத்தம் இறங்குகிறது. இரண்டாவது ஏற்பி குறைந்த செறிவிலேயே விழித்துக்கொள்கிறது. ஒரே பொருள் இரண்டு திசையில் இழுக்கிறது என்பதால், "பியூட்டிரேட் நல்லது, கூட்டிக்கொள்" என்ற எளிய வாய்ப்பாடு ஆரம்பத்திலேயே அடிபட்டுப் போகிறது.

2016-இல் வெளியான ஆய்வை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். ஜி.பி.ஆர். 41 இல்லாமல் பிறப்பிக்கப்பட்ட எலிகளுக்கு மேல் அழுத்தம் மட்டும் கூடியிருந்தது. வயதான எலிகளில் நாடி அலை வேகமும் கூடியிருந்தது. ஆனால் பெருந்தமனியை வெளியே எடுத்து இழுத்துச் சோதித்தபோது அதில் கூடுதல் விறைப்பு இல்லை. அதாவது, சுவர் கெட்டுப்போகாமலே, உயிருள்ள உடலில் முறுக்கம் கூடியதாலேயே அலை வேகமாக ஓடியது. அந்த ஏற்பி இருந்த இடமும் எண்டோதீலியந்தான். நான் மேலே பிரித்துக்காட்டிய இரண்டில் முதலாவதான முறுக்கத்தின் மீதுதான் குறுஞ்சங்கிலி அமிலங்களின் நேரடிக் கை இருக்கிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

கட்டமைப்பின் மீது அவற்றுக்குத் தொடர்பே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. 2017-இல் உப்பும் ஹார்மோனும் கொடுத்து ரத்தக்கொதிப்பு உண்டாக்கிய எலிகளுக்கு மிகுந்த நார்ச்சத்தோ அசிட்டேட்டோ கொடுத்தபோது அழுத்தம் குறைந்ததோடு இதயத்திலும் சிறுநீரகத்திலும் நாரேற்றமும் (தழும்புபோல் நார் படிவதும்) குறைந்தது. 2019-இல் புரோபியோனேட்டுக்கும் இதையொத்த பலன் காணப்பட்டது. அங்கே நோயெதிர்ப்புச் செல்கள் இடையில் நின்று வேலை செய்தன. குடற்சுவர் தளர்ந்தால் நுண்ணுயிர்களின் வெளிச்சுவர்த் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து அழற்சியைத் தூண்டும். அழற்சி நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் கொலாஜனும் படியும். பியூட்டிரேட் குடற்சுவரை இறுக்கமாக வைத்திருப்பதால் இந்த நீண்ட பாதையில் அதற்கும் ஓரிடம் உண்டு. ஆனால் இது ஆண்டுகளின் கதை. மாத்திரையைப் போல நாளைக் கணக்கிட்டுப் பலன் பார்க்கும் விஷயம் அன்று.

உப்பும் இந்தப் பாதையிலேயே நுழைகிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் மிகுந்த உப்பு எலிகளின் குடலில் ஒரு வகை லாக்டோபேசில்லஸை அழித்தது. அதன்பின் அழற்சியைத் தூண்டும் டி.எச். 17 என்ற நோயெதிர்ப்புச் செல்கள் பெருகி அழுத்தம் ஏறியது. அந்த நுண்ணுயிரைத் திரும்பக் கொடுத்தபோது நிலை சீரடைந்தது. அதே ஆய்வில் ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு நாளுக்கு 6 கிராம் உப்பை 14 நாள் கூடுதலாகக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் அழுத்தம் ஏறி, குடலில் லாக்டோபேசில்லஸ் குறைந்தது. நம் தறிக்காரர் இதே அளவை எந்த ஆய்வும் இல்லாமல் பல்லாண்டாகச் செய்துகொண்டிருந்தார்.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு முட்டையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிதன்று என்பதால் சொல்லவில்லை. உண்மையிலேயே சான்று வலுவாக இல்லை. இறைச்சியிலும் முட்டையிலும் உள்ள கோலின், கார்னிட்டின் ஆகியவற்றிலிருந்து குடல் நுண்ணுயிர்கள் டிரைமெத்தில் அமீனை உண்டாக்க, கல்லீரல் அதை டி.எம்.ஏ.ஓ. என்ற பொருளாக மாற்றுகிறது. கிளீவ்லேண்டில் ஸ்டான்லி ஹேசனின் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இதயத் தமனிப் படம் எடுக்க வந்த 4,007 பேரை மூன்றாண்டு பின்தொடர்ந்தபோது, ரத்தத்தில் இந்தப் பொருள் மிகுந்த கால்பங்கினருக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் வாய்ப்பு மிகக் குறைந்த கால்பங்கினரைப்போல் இரண்டரை மடங்காக இருந்தது. எலிகளில் இந்தப் பொருள் தனியே அழுத்தத்தை ஏற்றவில்லை. நாளங்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் ஏற்றிய அழுத்தத்தை இறங்கவிடாமல் நீட்டித்தது. ஆனால் முட்டையில் கோலின் பாஸ்பாடிடைல் வடிவில் இருப்பதால் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நுண்ணுயிர்களுக்கு எஞ்சுவது கொஞ்சம். கடல் மீனிலோ டி.எம்.ஏ.ஓ. நேரடியாகவே இருக்கிறது, மீன் தின்பவர்களின் இதயம் அதனால் கெட்டதாகத் தெரியவில்லை. மேலும் இந்தப் பொருளை வெளியேற்றுவது சிறுநீரகம். அல்புமின் ஒழுகத் தொடங்கிய சிறுநீரகமுள்ள ஒருவரிடம் அது கூடியிருந்தால், காரணமா விளைவா என்று எப்படிச் சொல்வது? இவருக்கு நான் அந்தப் பரிசோதனையைக் கேட்கவே இல்லை. இரண்டு முட்டையில் ஒன்றைக் குறைக்கச் சொன்னேன். அதுவும் ஆம்லெட்டில் போகும் உப்புக்காக.

அந்த அறிக்கையைப் பற்றி

இருபத்தேழாம் பக்கத்தின் அடியில், படிக்கக் கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், பியூட்டிரேட் நேரடியாக அளக்கப்படவில்லை என்றும், மலத்தில் கண்ட நுண்ணுயிர்களின் மரபணுக்களிலிருந்து அதன் உற்பத்தித் திறன் கணிக்கப்பட்டது என்றும் எழுதியிருந்தது. மகளிடம் அந்த வரியைக் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு அறிக்கையை மூடி வைத்தார்.

நேரடியாக அளந்திருந்தாலும் பெரிய தெளிவு கிடைத்திராது. பெருங்குடலில் உண்டாகும் குறுஞ்சங்கிலி அமிலங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு உறிஞ்சப்பட்டுவிடுகிறது. மலத்தில் வருவது உறிஞ்சப்படாமல் தப்பிய மிச்சம். கொலம்பியாவில் 441 பேரிடம் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், ரத்தக்கொதிப்பும் உடற்பருமனும் உள்ளவர்களின் மலத்தில் இந்த அமிலங்கள் கூடுதலாகவே இருந்தன. மலத்தில் குறைந்தால் உடலில் குறைவு என்ற கணக்கு இங்கே தலைகீழாகிறது. அறிக்கை பெரிதாகக் காட்டிய ஃபிர்மிக்யூட்ஸ்–பாக்டீராய்டிட்ஸ் என்ற இரு பெரும் பாக்டீரியக் குழுக்களின் விகிதம் 2015-இல் ரத்தக்கொதிப்புள்ள எலிகளில் கவனிக்கப்பட்டது. மனிதர்களில் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. கடைசிப் பக்கத்தில் அவர்களே விற்கும் காப்ஸ்யூலுக்கு ஒரு பட்டியல் இருந்தது. அதை நான் பரிந்துரைக்கவில்லை.

சிகிச்சை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று ஒருபோதும் தெரியாது. ஆனால் 168 அழுத்தமுள்ளவரை ஆராய்ச்சிக்காகக் காக்க வைக்கவும் முடியாது. ஆகவே மருந்தை முதலில், உணவைப் படிப்படியாக என்று முடிவெடுத்தோம். அவர் வீட்டில் காலையும் மாலையும் எடுத்த அளவுகளின் வாரச் சராசரியை வைத்தே முடிவுகளை எடுத்தேன். தொடக்கத்தில் அது 157/89.

முதல் மூன்று வாரம் டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி, அதே இரண்டு மாத்திரைகளைத் தவறாமல் போடவைத்ததில் 149/86 ஆனது. இதில் குடலுக்கு வேலையே இல்லை. பிறகு, உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம் சேர்த்தேன். ஏழாம் வாரம் 140/82. அடுத்த ஆறு வாரம் உப்பு. குழம்பில் குறைப்பதை விட ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைச் சால்னா ஆகியவற்றை நிறுத்துவது எளிது என்று வீட்டில் கண்டுகொண்டார்கள். சிறுநீர்ச் சோடியம் 112 மில்லிமோலுக்கு, அதாவது ஆறரை கிராம் உப்புக்கு, இறங்கியது. அழுத்தம் 134/80.

இந்த இடத்தில் என் தவறொன்றைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வாரம் அவருடைய சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டில் எட்டிப் பார்த்தது. நான்கு மாதங்களுக்கு முன் பல் பிடுங்கியபோது தரப்பட்ட குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி. வாய் மணமாக இருக்கிறதென்று அவர் அதைக் காலையும் இரவும் விடாமல் கொப்பளித்துக்கொண்டிருந்தார். மருந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேனே தவிர வாயில் என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்கவில்லை. கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவது நாக்கின் மேலுள்ள நுண்ணுயிர்கள். அந்த நைட்ரைட்டிலிருந்து உடல் நைட்ரிக் ஆக்சைடைப் பெறுகிறது. 2013-இல் ஆரோக்கியமான 19 பேர் ஏழு நாள் இந்த வாய்க்கழுவியைப் பயன்படுத்தியதில் அழுத்தம் 2 முதல் 3.5 வரை ஏறியது. நுண்ணுயிர் தரும் சேர்மம் தமனியைத் தளர்த்துவதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு இல்லை. அது குடலில் இல்லாமல் வாயில் இருந்தது. அன்றே நிறுத்தச் சொன்னேன். ஆகவே 140-லிருந்து 134-க்கு இறங்கிய ஆறு அளவில் உப்புக்கு எவ்வளவு, வாய்க்கழுவிக்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லாமல் போயிற்று.

பதின்மூன்றாம் வாரம், ஐப்பசியில், நார்ச்சத்தைக் கூட்டத் தொடங்கினோம். 2023-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், மருந்து தொடங்காத ரத்தக்கொதிப்பாளர் 20 பேர் அசிட்டேட்டும் பியூட்டிரேட்டும் இணைத்த மக்காச்சோள மாவுச்சத்தை மூன்று வாரம் உண்டதில் 24 மணி நேர மேல் அழுத்தம் 6.1 குறைந்தது. அந்த மாவு இங்கே கடையில் கிடைப்பதில்லை. ஆனால் கம்பும் ராகியும் கொள்ளும் தட்டப்பயிறும் பண்ணைக்கீரையும் கிடைக்கின்றன. வடித்து ஆறவைத்த சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பங்கு செரிக்காத வடிவத்துக்கு மாறிப் பெருங்குடல் வரை போகிறது. காலையில் பழைய சோறு, இரவில் பரோட்டாவுக்குப் பதில் கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும், மாலையில் கொய்யா என்று எழுதிக் கொடுத்தேன். முதல் வாரத்திலேயே வயிறு உப்பி, தறிக்குடோனில் நிற்க முடியவில்லை என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். கொள்ளை வாரம் இரண்டு நாளுக்குக் குறைத்து, கம்பைப் பாதியாக்கி, மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றியபின் பழகிக்கொண்டார். நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்களே பெருக அவகாசம் வேண்டும் என்பது தெரிந்திருந்தும் அவசரப்பட்டது நான்.

பதினெட்டாம் வாரம் அழுத்தம் திடீரென்று 137 ஆனது. மருந்து தவறவில்லை. சிறுநீர்ச் சோடியம் 158 மில்லிமோல். அவர் மனைவிதான் மர்மத்தை உடைத்தார்: "பழைய சோத்துக்கு மோர் மொளகா இல்லாம எப்புடிங்க உள்ள போகும்?" நார்ச்சத்துக்காக நான் திறந்துவிட்ட கதவு வழியாக உப்பு உள்ளே வந்திருந்தது. மோர் மிளகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம் என்று சமரசம் ஆயிற்று. கடையில் விற்கும் பொட்டாசியம் உப்பு கேட்டார்கள். டெல்மிசார்டன் போடுபவருக்கு, அதுவும் அல்புமின் ஒழுகும் சிறுநீரகத்தோடு, வேண்டாம் என்றேன்.

இருபத்தைந்தாம் வாரம் 130/77. நார்ச்சத்துக்கு முன் 134, பின் 130. இந்த நான்கு அளவு வித்தியாசம் வீட்டுக் கருவியின் வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும். மூன்று கிலோ எடையும் குறைந்திருந்தது. அதே சமயம் அது மார்கழி. குளிரில் பொதுவாக அழுத்தம் ஏறும், இவருக்கு இறங்கியது. மகளிடம் இதை இப்படியே சொன்னேன். "அப்ப பாதிக் கிணறுங்களா சார்?" என்றார். பாதிகூட இருக்காது என்றேன்.

ஓராண்டுக்குப் பின்

இந்த ஆடியில் மறுபடி 24 மணி நேரக் கருவி கட்டினோம். சராசரி 123/73, பகலில் 128/76, இரவில் 114/68. இரவு இறக்கம் பத்து விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அவர் படுக்கையைத் தறிக்குடோன் பக்கத்து அறையிலிருந்து வீட்டுக்கு மாற்றியதையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீர் அல்புமின் விகிதம் 24. பொட்டாசியம் 4.4. நாடி அலை வேகம் 10.5 மீட்டர், அழுத்தம் குறைந்தாலே அலை வேகமும் குறையும் என்பதால் பெருந்தமனி இளகிவிட்டது என்று இதை வாசிக்க முடியாது.

விழித்திரைப் படத்தைப் பழைய படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தாமிர மினுமினுப்பு அப்படியே இருந்தது. சிரை நசுங்கிய அந்த இரண்டு இடங்களும் அப்படியே இருந்தன. மூன்றாவது இடம் புதிதாக வரவில்லை. முறுக்கம் தளர்ந்திருக்கிறது; சுவர் பழைய சுவராகவே நிற்கிறது.

கணுக்காலில் லேசான வீக்கம் இருந்ததால் ஆம்லோடிபினை 2.5 மில்லிகிராமாகக் குறைத்து, மற்ற இரண்டையும் தொடரச் சொல்லியிருக்கிறேன். மலப் பரிசோதனையை மறுபடி செய்து பார்க்கலாமா என்று மகள் கேட்டார். அந்த எட்டாயிரத்துக்கு வீட்டு அழுத்தக் கருவியின் கைப்பட்டையை மாற்றி, தை மாதம் இன்னொரு 24 மணி நேரப் பதிவும் சிறுநீர்ச் சோடியமும் எடுத்துக்கொள்வதாக முடிவாயிற்று.